சுவரைத் தேடும் முன் ஒரு கையைப் பழகிக்கொள்ளுங்கள்: நகரத்தின் தெருவோவியங்களையும் கிராஃபிட்டியையும் கண்டறியும் வழி

ஒரு நகரத்தின் தெருவோவியங்களைப் பார்க்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய சுவரிலிருந்து தொடங்குகிறார்கள். ஐந்தாறு மாடி உயரத்துக்கு வரையப்பட்ட ஒரு முகத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, வரைபடத்தில் குறித்து வைத்த அடுத்த சுவருக்குப் போய், மாலைக்குள் பத்துச் சுவர்களைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப் பார்த்தவரிடம் பதினோராவது சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பதினோராவது சுவரைத் தாமாகவே கண்டுபிடிக்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது இக்கட்டுரை. நான் பரிந்துரைக்கும் வழி சிறியதிலிருந்து தொடங்குகிறது: முதலில் ஒரே ஒரு கையைப் பழகிக்கொள்ளுங்கள்.

கை என்று நான் சொல்வது, ஒரே ஆள் நகரமெங்கும் திரும்பத் திரும்ப இட்டுச் செல்லும் அடையாளத்தை. அது மூன்று நான்கு எழுத்துள்ள ஒரு புனைபெயராக இருக்கலாம். ஒரு கண், ஒரு பறவை, ஒரு முட்டைத்தலை மனிதன் என எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அன்றாடம் நடக்கும் பாதையையே ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொண்டு, மின்பெட்டியின் கதவு, போக்குவரத்துப் பலகையின் பின்புறம், மழைநீர்க் குழாய், பாலத்தின் தூண் ஆகியவற்றை மட்டும் கவனித்து வாருங்கள். முதல் இரண்டு நாட்கள் எல்லாமே கிறுக்கல்களாகத்தான் தெரியும். மூன்றாவது அல்லது நான்காவது நாளில், ஒரு எழுத்தின் வால் வளைந்து மேலேறும் விதத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். அந்தக் கணத்திலிருந்து அந்தத் தெருவில் உங்களுக்கு அறிமுகமான ஒருவர் இருக்கிறார்.

இன்றைய கிராஃபிட்டியின், அதாவது சுவர்களில் பெயரெழுதும் கலையின், வரலாறும் இப்படியொரு கையெழுத்தின் பரவலிலிருந்துதான் தொடங்குகிறது. பிலடெல்பியாவில் 1960களின் பிற்பகுதியில் கார்ன்பிரெட் என்ற புனைபெயரை ஓர் இளைஞர் சுவர்களில் எழுதத் தொடங்கினார். நியூயார்க்கில் டாக்கி 183 என்ற பெயரை எழுதியவர், கடிதங்களையும் பொதிகளையும் கொண்டு சேர்க்கும் வேலையில் இருந்தவர். 183 என்பது அவர் குடியிருந்த தெருவின் எண். வேலை அவரை நகரத்தின் எல்லா மூலைகளுக்கும் அனுப்பியது, போன இடமெல்லாம் அவர் பெயரும் போனது. 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்ட பிறகு, அவரைப் பின்பற்றி எழுதத் தொடங்கியவர்கள் பலர். அந்த எழுத்தில் ஓவியத் திறன் என்று பாராட்ட அதிகமில்லை. ஒரு மனிதரின் அன்றாட நடமாட்டம் நகரத்தின் மேல் ஒரு கோடாக விழுந்திருந்தது என்பதே அதன் வியப்பு. நீங்கள் பழகிக்கொண்ட கையையும் அப்படியே படியுங்கள்: அது எந்தத் தெருவில் அடர்த்தியாக இருக்கிறது, எந்தப் பாலத்தைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது, அதன் பக்கத்தில் எப்போதும் இருக்கும் இன்னொரு பெயர் யாருடையது? பெயரை ஒட்டி இரண்டு மூன்று எழுத்துகளில் ஒரு சுருக்கம் இருந்தால், அது பெரும்பாலும் அவர் சேர்ந்திருக்கும் குழுவின் பெயராக இருக்கும். அந்தக் குழுவினரின் பெயர்கள் நெருங்கிவரும் திசையில் நடந்தால், அவர்கள் பொழுதெடுத்து வரைந்த பெரிய வேலை ஒன்று அருகில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. என் அனுபவத்தில் எந்தச் செயலியையும் விட இந்த முறை எனக்கு அதிகமான சுவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்?

தெருக்கலையின் வகைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும், இதைச் செய்தவருக்கு இந்த இடத்தில் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று கேட்டுக்கொண்டால் வகைகள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

சில விநாடிகளில் ஒரே மூச்சில் இடப்படும் கையெழுத்துக்கு டேக் என்று பெயர். வெளிக்கோடும் உள்நிரப்பும் என இரண்டே வண்ணங்களில், உப்பிய எழுத்துகளாகச் சில நிமிடங்களில் போடப்படுவது த்ரோ அப். பல வண்ணங்களும் நிழலும் பின்னணியும் கொண்டு மணிக்கணக்கில் எழுதப்படும் பெரிய வேலையைப் பீஸ் என்கிறார்கள். அதிலேயே எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, அம்புகள் முளைத்து, பழகாதவர்களால் படிக்கவே முடியாதபடி அமைந்தால் அது வைல்ட் ஸ்டைல். இந்த மரபில் வந்தவர்கள் தங்களை ஓவியர்கள் என்று சொல்லிக்கொள்வதைவிட எழுதுகிறவர்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள். எழுத்தே அவர்களுக்குப் பொருள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இதில் படம் எங்கே என்ற ஏமாற்றம் வராது.

உருவத்தை அட்டையில் வெட்டி, அந்த ஓட்டை வழியே வண்ணத்தைத் தெளிக்கும் ஸ்டென்சில் இதற்கு மாறான கணக்கு. அட்டையை வெட்டும் வேலை வீட்டில் பல மணி நேரம் நடக்கிறது, தெருவில் செலவாகும் நேரம் ஒரு நிமிடம்கூட இராது. பாரிஸில் 1981 முதல் எலிகளை ஸ்டென்சிலில் பதித்து வந்த பிளெக் லெ ராவும், அவருக்குப் பின் பிரிட்டனில் புகழ்பெற்ற பேங்ஸியும் இந்த வசதியை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்கள். ஸ்டென்சிலைப் பார்க்கும்போது, உள்ளே இருக்கும் துண்டுகள் உதிர்ந்துவிடாமல் தாங்கும் மெல்லிய இணைப்புகளைக் கவனியுங்கள். அவற்றை உருவத்தின் அங்கமாகவே மறைத்துவிடுவதில்தான் வெட்டியவரின் திறமை தெரியும். ஸ்டிக்கரும், மாவுப்பசையால் ஒட்டப்படும் காகித ஓவியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஷெப்பர்ட் ஃபேரி 1989இல் ஒரு மல்யுத்த வீரரின் முகத்தைச் சிறு ஸ்டிக்கராக அச்சிட்டு ஒட்டத் தொடங்கியதுதான் பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட அவருடைய வேலைகளின் தொடக்கம்.

அனுமதியோடு, சாரம் கட்டியோ தூக்கி எந்திரத்தில் ஏறியோ நாட்கணக்கில் வரையப்படும் சுவரோவியம் மற்றொரு முனையில் இருக்கிறது. இவை எதிலும் அடங்காதவையும் உண்டு. இன்வேடர் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞர் 1998 முதல் சிறு ஓடுகளைக் கொண்டு பழைய கணினி விளையாட்டின் உருவங்களைச் சுவர்களின் உயரத்தில் பதித்து வருகிறார். போர்ச்சுகலைச் சேர்ந்த வில்ஸ், வண்ணம் பூசுவதற்குப் பதிலாகச் சுவரின் காரையை உளியாலும் துளைக்கருவியாலும் பெயர்த்து முகங்களைச் செதுக்குகிறார். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அலெக்ஸாந்த்ரே ஓரியோன் 2006இல் ஒரு சுரங்கப்பாதையில் படிந்திருந்த வாகனப் புகைக்கரியைத் துணியால் துடைத்து எடுத்தே மண்டையோடுகளின் வரிசை ஒன்றை உருவாக்கினார். அழுக்கைத் துடைப்பது குற்றமில்லை என்பதால் அதிகாரிகளுக்கு அவரைத் தண்டிக்க வழியில்லை. சுரங்கப்பாதையையே கழுவுவதுதான் அவர்களால் முடிந்தது.

எங்கே பார்ப்பது

தேடலில் மிகவும் பயன்படும் தடயம், ஓவியம் இல்லாத இடமே. ஒரு சுவரில் நிறம் ஒத்துப்போகாத சாம்பல் அல்லது வெள்ளைக் கட்டங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அங்கே எழுதப்பட்டதை யாரோ பூசி அழித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். பல அடுக்குத் திட்டுகள் இருக்கும் சுவர், எழுதுகிறவர்களும் விட்டுக்கொடுக்காத சுவர். அதை உங்கள் பாதையில் சேர்த்துக்கொண்டால் ஒரு நாள் ஈரம் காயாத வேலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டாவது தடயம் நேரம். கடைகளின் ஷட்டர்கள் மூடியிருக்கும் அதிகாலையிலும் விடுமுறை நாட்களிலும் மட்டுமே தெரியும் ஓவியங்கள் ஏராளம். பகலில் அந்தத் தெருவில் நூறு முறை நடந்தவருக்கும் அவை தெரிந்திராது. கட்டுமானப் பணியிடத்தைச் சுற்றி அடிக்கப்படும் தகரத் தடுப்புகள், இடிக்கப்படவிருக்கும் கட்டடங்கள், பக்கத்துக் கட்டடம் இடிக்கப்பட்டதால் திடீரென்று வெளியே தெரியும் பக்கவாட்டுச் சுவர்கள் ஆகியவையும் தற்காலிகமானவை. நகரத்தில் எங்கே இடிக்கிறார்கள், எங்கே கட்டுகிறார்கள் என்பதைக் கவனிப்பவருக்குப் புதிய வேலைகள் முதலில் கண்ணில் படும்.

மூன்றாவது, பார்வையின் உயரம். நாம் நடக்கும்போது நம் கண் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது. இன்வேடரின் ஓடுகள் முதல் மாடிக்கு மேலே இருக்கும். சாவோ பாவ்லோவின் பிஷாசாவோ என்னும் நெடிய, கூரிய கோடுகளாலான எழுத்துகள் கட்டடத்தின் உச்சிவரை போகும். எவ்வளவு உயரத்தில் எழுதப்பட்டதோ அவ்வளவு மதிப்பு என்பது அதன் மரபு. வேறு சில கலைஞர்கள் கணுக்கால் உயரத்தில், படிக்கட்டின் பக்கவாட்டில் வேலை செய்கிறார்கள். ஆகவே ஒரே தெருவை இரு திசைகளிலும் நடந்து பாருங்கள், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்தும் பாருங்கள். போகும்போது தூணின் பின்னால் இருந்தது திரும்பும்போது முன்னால் வரும். மேம்பாலத்தில் ஓடும் ரயிலின் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். மொட்டைமாடிச் சுவர்களின் எழுத்துகளில் பல அந்த ஜன்னல்களைக் கருதியே எழுதப்பட்டவை.

இணையம் இதற்குப் பயன்படாது என்று சொல்லமாட்டேன். ஒரு வேலையின் ஓரத்தில் கையொப்பம் இருந்தால், அதைச் சமூக ஊடகத்தில் தேடி அக்கலைஞரைப் பின்தொடருங்கள். அவர் தம்மோடு வேலை செய்தவர்களைக் குறிப்பிடுவார், அவர்களிடமிருந்து இன்னும் சிலர் கிடைப்பார்கள். நகரின் பெயரோடு சேர்ந்த ஹேஷ்டேகைத் தேடும்போது, அதிகம் விரும்பப்பட்டவற்றை விட்டுவிட்டு அண்மையில் பதிவானவற்றை மட்டும் பாருங்கள். புகழ்பெற்ற சுவர்களே திரும்பத் திரும்ப வருவதை அது தடுக்கும். இன்வேடரின் ஓடுகளைத் தேடுபவர்களுக்கென்றே ஒரு செயலி இருக்கிறது. ஓட்டைப் படமெடுத்தால் அது சரிபார்த்துப் புள்ளி வழங்கும். சுவரோவிய விழாக்கள் நடக்கும் நகரமென்றால், விழா முடிந்த பிறகு போவதைவிட வரைந்துகொண்டிருக்கும் நாட்களில் போவது மேல். கூகுளின் தெருக்காட்சியில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கும் வசதி பல இடங்களுக்கு உண்டு. உங்களுக்குப் பிடித்த சுவரின் முன்னால் அந்த வசதியைத் திறந்து ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போனால், இப்போதைய ஓவியத்துக்கு அடியில் எத்தனை ஓவியங்கள் புதைந்திருக்கின்றன என்பது தெரியவரும்.

சுவரின் முன்னால் நிற்கும் முறை

கண்டுபிடித்துவிட்டோம், படமெடுத்தாயிற்று, கிளம்பலாம் என்று தோன்றும் இடத்தில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு சுவருக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்பது எளிதன்று. என்ன செய்வதென்று தெரியாததால்தான் கால் நகர்ந்துவிடுகிறது. ஆகவே என்ன செய்யலாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அது பார்க்கப்படுவதற்காக உருவான தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பெரிய சுவரோவியத்துக்கு மிக அருகில் போனால் வெறும் வண்ணப் பட்டைகள்தான் தெரியும்; தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனதும் அவை ஒரு முகமாகக் கூடிவிடும். இதன் எல்லையைத் தொட்ட வேலை ஒன்று கெய்ரோவில் இருக்கிறது. எல் சீட் என்ற கலைஞர் 2016இல் அங்கே ஏறத்தாழ 50 கட்டடங்களின் மேல் ஒரே அரபு வாசகத்தைத் துண்டு துண்டாக எழுதினார். தெருவில் நிற்பவருக்கு அவை தொடர்பில்லாத வண்ண வளைவுகள். அருகிலுள்ள மொகத்தம் மலையின் ஓரிடத்தில் நின்று பார்த்தால் மட்டுமே முழு வாசகமும் ஒரு வட்டமாகக் கூடும். எல்லாச் சுவரும் இவ்வளவு கேட்காது. ஆனாலும் நாலடி இடப்புறம் நகர்ந்து பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

பிறகு கையெட்டும் தூரத்துக்கு வாருங்கள். ஸ்ப்ரே டப்பாவைச் சுவருக்கு நெருக்கமாகப் பிடித்தால் கோடு மெல்லியதாகவும் விளிம்பு கூர்மையாகவும் விழும், விலக்கிப் பிடித்தால் பனிபோல் பரவும். கை தயங்கிய இடத்தில் வண்ணம் தேங்கி வழிந்துவிடும் என்பதால், வழிசல் இல்லாத நீண்ட கோடு என்பது சீரான வேகத்துக்குச் சான்று. சிலர் வேண்டுமென்றே வழியவிடுவதும் உண்டு. அப்போது வழிசல்கள் ஒரே சீராக, எழுத்தின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும். பீஸ் ஒன்றில் உள்நிரப்பு முடிந்த பிறகே இறுதி வெளிக்கோடு போடப்படுகிறது. அந்தக் கோடு பிசகினால் பின்னணி வண்ணத்தை எடுத்து விளிம்பை மீண்டும் வெட்டித் திருத்துவார்கள். கூர்ந்து பார்த்தால் அந்தத் திருத்தங்கள் மெல்லிய படலமாகத் தெரியும். எழுதியவர் எங்கே மனம் மாறினார் என்பதை அறிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

பெரிய சுவரோவியங்களில் அளவை எப்படிப் பெருக்கினார்கள் என்பதற்கும் தடயம் எஞ்சியிருக்கும். கட்டம் போட்டு வரைவது பழைய முறை. இப்போது பலர் சுவர் முழுவதும் பொருளற்ற கிறுக்கல்களை முதலில் போட்டு, அதைப் படமெடுத்து, தங்கள் வரைவைத் தொலைபேசியில் அந்தப் படத்தின் மேல் படியவைத்து, எந்தக் கிறுக்கலின் பக்கத்தில் மூக்கு வரவேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்கிறார்கள். வண்ணம் மெலிந்த இடங்களில் அந்தக் கிறுக்கல்கள் இன்னும் எட்டிப் பார்க்கும்.

வைல்ட் ஸ்டைலைப் படிக்க எனக்குத் தெரிந்த வழி இது. முதலில் பீஸின் ஓரங்களில் சிறிதாக இடப்பட்ட டேக் இருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் அதே பெயர்தான் அங்கே எளிய வடிவில் எழுதப்பட்டிருக்கும், கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடை போல. விடையைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் முதல் எழுத்திலிருந்தும் கடைசி எழுத்திலிருந்தும் தொடங்கலாம். அவற்றுக்கு ஒரு பக்கத்தில் அண்டை எழுத்து இல்லையாதலால் பின்னல் சற்றுக் குறைவாக இருக்கும். அம்புகளையும் கொடிகளையும் தற்காலிகமாக மறந்துவிட்டு, எழுத்துகளுக்குக் கனம் கொடுக்கும் முப்பரிமாண நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்று பார்த்தால் எந்தத் துண்டு எதன் முன்னால் நிற்கிறது என்பது பிடிபடும். இதில் என்ன மகிழ்ச்சி என்று கேட்பவர்களுக்கு: சித்திரக்கவியின் நாகபந்தத்தில் பாம்புகளின் உடல் வழியே விரலை ஓட்டிச் செய்யுளைக் கண்டெடுத்தவர்கள் உணர்ந்த மகிழ்ச்சிதான் இதுவும்.

அடுத்து, சுவரைப் பாருங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்ற பழமொழியை உடல்நலத்துக்கு அறிவுரையாகவே நாம் பயன்படுத்திப் பழகிவிட்டோம். தெருவோவியத்தில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. அதோடு, எந்தச் சித்திரம் என்பதையும் பல சமயம் சுவரே முடிவு செய்கிறது. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் எர்னஸ்ட் ஜக்காரெவிச் 2012இல் வரைந்த குழந்தைகள், சுவரில் பொருத்தப்பட்ட உண்மையான சைக்கிள் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். விரிசல் ஒரு கிளையாகிறது, குழாய் ஒரு யானையின் துதிக்கையாகிறது, சுவரிடுக்கில் முளைத்த செடி ஒருவரின் தலைமுடியாகிறது. இடத்தின் பயன்பாடும் பொருளில் சேரும். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2006இல் பேங்ஸி வரைந்த ஓவியத்தில், ஆடையில்லாத ஒரு மனிதன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான், மேலே கோபக்காரக் கணவன் அவனைத் தேடுகிறான். அது வரையப்பட்டது பாலியல் நல மருத்துவமனை ஒன்றின் சுவரில் என்று தெரிந்ததும் நகைச்சுவை இரட்டிப்பாகிறது. அந்த ஓவியத்தை வைத்துக்கொள்ளலாமா என்று நகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டபோது, மிகப் பெரும்பாலோர் வைத்துக்கொள்ளவே சொன்னார்கள்.

கடைசியாக, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். டேக்கின் மேல் த்ரோ அப் போடலாம், த்ரோ அப்பின் மேல் பீஸ் எழுதலாம், ஆனால் கீழானதைக் கொண்டு மேலானதை மறைப்பது அவமதிப்பு என்பது எழுதுகிறவர்களிடையே பரவலாக இருக்கும் எழுதப்படாத சட்டம். ஆகவே மிக நேர்த்தியான ஒரு பீஸின் நடுவில் அவசரமாகக் கிறுக்கப்பட்ட பெயர் ஒன்று இருந்தால், அது தெரியாமல் நடந்ததாகவும் இருக்கலாம், பகையின் அறிவிப்பாகவும் இருக்கலாம். நீங்கள் பழகிக்கொண்ட கை அங்கே எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் பாராட்டவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நூறாண்டு பழமையான கருங்கல்லின் மேலும், எளிய மனிதர் ஒருவர் கடன் வாங்கி வெள்ளையடித்த வீட்டின் மேலும் பாய்ந்திருக்கும் டேக் எவ்வளவு அழகிய கையாயிருந்தாலும் எனக்கு எரிச்சலையே தருகிறது. மறுபுறம், விளம்பர நிறுவனம் பணம் கொடுத்து வரையவைத்த பளபளப்பான சுவர்கள் பலவற்றின் முன்னால் எனக்குச் சொல்ல எதுவுமில்லாமல் போகிறது. பிடிக்காததற்குக் காரணம் சொல்லிப் பார்ப்பதும் பார்வையைக் கூர்மையாக்கும்.

படமும் குறிப்பும்

படமெடுக்கும்போது மூன்று படங்களாவது எடுங்கள்: சுவருக்கு நேர் எதிரே நின்று முழு வேலையும் கோணாமல் தெரியும்படி ஒன்று, தெருவும் பக்கத்துக் கட்டடமும் சேர்ந்து இடம் புரியும்படி ஒன்று, கையொப்பம் மட்டும் ஒன்று. இரண்டாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பின்னாளில் அதுவே அதிகம் தேவைப்படுகிறது. நேரடி வெயிலும் மர நிழலும் கலந்து விழும் வேளையைவிட, மேகம் மூடிய நாளில் வண்ணங்கள் உண்மையாகப் பதியும்.

நாள், இடம், பெயர் தெரிந்தால் பெயர், கண்ட நிலை என்று ஒரு வரிக் குறிப்பு எழுதிவையுங்கள். புதிதா, வெளிறியதா, பாதி மறைந்ததா என்பதே நிலை. நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் 1980 முதல் 1985 வரை கீத் ஹாரிங், விளம்பரம் காலாவதியான பலகைகளில் ஒட்டப்பட்ட கறுப்புத் தாளின் மேல் சாக்பீஸால் ஆயிரக்கணக்கான கோட்டோவியங்கள் வரைந்தார். அடுத்த விளம்பரம் வந்ததும் மறைந்துபோன அவற்றை இன்று நாம் அறிவதற்கு முக்கியக் காரணம், யாரோ அன்றன்று போய்ப் படமெடுத்து வைத்ததுதான்.

படத்தை வெளியிடும்போது கலைஞரின் பெயரைக் குறிப்பிடுங்கள். சுவர் ஒருவருடையதாக இருந்தாலும், அதன் மேலுள்ள ஓவியத்தின் பதிப்புரிமை பல நாடுகளில் வரைந்தவருக்கே உரியது; அதைப் பொருளில் அச்சிட்டு விற்பது வேறு விவகாரம். அனுமதியின்றி வரையப்பட்ட வேலையென்றால் சரியான இடத்தை அறிவிக்காமல் இருப்பது நல்லது. லண்டனில் 2012இல் ஒரு கடைச்சுவரில் தோன்றிய பேங்ஸியின் ஓவியம், 2013இன் தொடக்கத்தில் சுவரோடு பெயர்க்கப்பட்டு அமெரிக்காவில் ஏலப் பட்டியலில் இடம்பெற்றது நினைவிருக்கட்டும். வரைந்துகொண்டிருப்பவரைக் கண்டால், முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். அவர் மறுத்தால் கையையும் சுவரையும் மட்டும் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

ரயில் பாதைக்குள், பூட்டிய வளாகத்துக்குள், கூரை பெயர்ந்த கட்டடத்துக்குள் எந்த ஓவியத்துக்காகவும் நுழையாதீர்கள். ஆளரவமற்ற சந்துகளுக்குப் பகல் வெளிச்சத்தில், முடிந்தால் துணையோடு போங்கள். உள்ளூரில் பழகியவர் ஒருவர் நடத்தும் நடைச்சுற்றுலா இருந்தால், முதல் முறை அதில் சேர்ந்துகொள்வது பணத்துக்கு ஏற்ற பலன் தரும். எந்தச் சுவரில் எழுத அனுமதி உண்டு, எதில் இல்லை என்பதை அவரிடம் கேட்டு அறியுங்கள்.

திரும்பிப் போவது

தெருவோவியத்தை ஒரே முறை பார்த்தவர் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் வண்ணங்கள் வெயிலில் முதலில் வெளிறும். பசையால் ஒட்டிய காகிதம் ஓரங்களில் சுருண்டு, மழையில் கிழிந்து, சில வாரங்களில் அடியிலிருக்கும் பழைய காகிதத்தோடு சேர்ந்து யாரும் திட்டமிடாத மூன்றாவது ஓவியமாகும். சில வேலைகள் இந்தக் கட்டத்தில்தான் மிக அழகாக இருக்கின்றன.

அழிவும் ஒரே மாதிரி வருவதில்லை. மெல்பர்னின் ஹோசியர் சந்தில் பேங்ஸி வரைந்திருந்த எலியை 2010இல் நகராட்சியின் துப்புரவுப் பணியாளர்கள் யாருடையது என்று தெரியாமலே பூசிவிட்டார்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபைவ் பாய்ன்ட்ஸ் என்றழைக்கப்பட்ட பழைய தொழிற்சாலைக் கட்டடம், உரிமையாளரின் அனுமதியோடு பல ஆண்டுகள் கிராஃபிட்டியின் திருத்தலமாக விளங்கியது. 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளரே அதை வெள்ளையடித்தார். கலைஞர்கள் 21 பேர் வழக்குத் தொடுத்தார்கள், 2018இல் நீதிமன்றம் அவர்களுக்கு 67 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ப்ளூ என்ற இத்தாலியக் கலைஞரோ, பெர்லினில் அனைவரும் படமெடுத்துச் சென்ற தம் மாபெரும் சுவரோவியங்களை 2014 டிசம்பரில் தம் சம்மதத்தோடு கறுப்பு வண்ணத்தால் மூடச் செய்தார்; அந்தப் பகுதியின் மனை விலையை உயர்த்தத் தம் ஓவியம் பயன்படுவதை அவர் விரும்பவில்லை. பெர்லினிலேயே, பழைய எல்லைச்சுவரின் 1,316 மீட்டர் நீளமுள்ள பகுதியில் 1990இல் 21 நாடுகளைச் சேர்ந்த 118 பேர் வரைந்த ஓவியங்கள் சிதைந்தபோது, 2009இல் அவற்றைப் புதிதாக வரைந்து காப்பாற்றினார்கள். திரும்ப வரைந்தது பழைய ஓவியம்தானா என்ற கேள்வியால் சில கலைஞர்கள் அதற்கு உடன்பட மறுத்துவிட்டார்கள். ஒரு சுவர் வெறுமையாகியிருப்பதைக் காணும்போது, அழித்தது யார், ஏன் என்று கேட்பதும் அந்த ஓவியத்தைப் படிப்பதன் பகுதிதான்.

நான் முதன்முதலில் பழகிக்கொண்ட கை, தலையைத் தோளில் சாய்த்துத் தூங்கும் ஒரு சிறு பறவை. பதினேழு இடங்களில் குறித்து வைத்திருந்தேன். ஒரு காலையில் அவற்றில் பெரியது இருந்த சுவர் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. அன்று நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்: அந்த வெற்றுச் சுவரையும், முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பூசியவரின் உருளை எட்டாத மேல் ஓரத்திலும் குழாயின் பின்னாலும் பழைய வண்ணம் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பத்து நாள் கழித்து அதே வழியில் வாருங்கள். புதிதாகப் பூசிய சாம்பல் நிறத்தைப் போல எழுதுகிறவர்களை அழைக்கும் பரப்பு வேறொன்று கிடையாது.